கேட்கவில்லை என்று சொல்லத் தெரிய வேண்டும்

தி.நகரில் பனகல் பார்க் பக்கம் ஒரு காது பரிசோதனை நிலையத்துக்குப் போன மாதம் போயிருந்தேன். நானாகப் போகவில்லை. பேத்தி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கண்ணாடிக் கதவு போட்ட ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும், கேட்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

நான் சும்மா இருக்கவில்லை. அரசு அலுவலகத்தில் 35 வருடம் குப்பை கொட்டியவன் ஆயிற்றே! எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை சத்தம் வருகிறது என்று மனசுக்குள் கணக்குப் போட்டு, நேரம் வந்ததும் அழுத்திக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் கதவைத் திறந்தார்.

“ஐயா, இப்போ ஒரு நிமிஷமா நான் சத்தமே கொடுக்கலை. நீங்க அஞ்சு தடவை அழுத்திட்டீங்க.”

பேத்தி சிரித்தாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பரீட்சையில் காப்பி அடித்து மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. மறுபடி ஒழுங்காகப் பரிசோதனை செய்தோம். முடிவு இதுதான்: தாழ்ந்த சத்தங்கள் ஓரளவு நன்றாகவே கேட்கின்றன. 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல் போகப் போக, கோடு மலைச்சரிவு மாதிரி இறங்குகிறது. 8,000 ஹெர்ட்ஸில் அநேகமாக ஒன்றுமே இல்லை. வயதானால் முதலில் போவது மேல் சுருதிதானாம். ‘அ’, ‘ஓ’ மாதிரி உயிரோசைகள் தாழ்ந்த இடத்தில் இருக்கின்றன, காதில் விழும். ‘ச’, ‘ஸ’, ‘ஃப’, ‘த’ எல்லாம் மேலே இருக்கின்றன, விழாது. அதனால்தான் பேசுகிற சத்தம் கேட்கிறது, என்ன பேசுகிறார்கள் என்பது புரிவதில்லை. நம் வயதுக்காரர்கள் பலருக்கு இது தெரிந்த கதைதான்.

ஆட்டோவில் மயிலாப்பூர் திரும்பும்போது பேத்தி சொன்னாள்: “தாத்தா, லைகோவுக்கும் உங்க வியாதிதான். அதுக்கும் மேல் சுருதி சரியாக் கேக்காது.”

அவள் பௌதிகம் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவள் சொன்னதைக் கேட்ட பிறகு ஒரு மாதமாக நான் இதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். படித்ததில் எனக்கு ஒரு கருத்தும் பிறந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விண்வெளியில் கனமான இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று சுற்றி மோதிக்கொண்டால், வெளியே அதிர்கிறது. அந்த அதிர்வுக்கு ஈர்ப்பு அலை என்று பெயர். எல்லோரும் ஐன்ஸ்டீன் 1916இல் சொன்னார் என்பார்கள். சரிதான். ஆனால் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்ற உரிமையில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அதற்கு 11 வருடம் முன்பே, 1905 ஜூன் 5ஆம் தேதி, பாரிஸ் விஞ்ஞான அகாதெமியில் ஆன்றி புவான்கரே கொடுத்த ஒரு குறிப்பில் ‘ஓந்த் கிராவிஃபிக்’ என்ற சொல் வந்துவிட்டது. ஈர்ப்பும் ஒளியின் வேகத்தில் அலையாகப் போகும் என்று அவர் யோசித்திருக்கிறார். எங்கள் கணக்கு வாத்தியார் புவான்கரே பெயரைச் சொல்லும்போது, கோவிலில் சாமி பெயரைச் சொல்கிற மாதிரி குரலைத் தாழ்த்துவார். அந்தப் பெயரை இந்த வயதில் இந்த இடத்தில் மறுபடி பார்த்ததில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

அந்த அலையைப் பிடிக்க அமெரிக்காவில் ஹான்ஃபோர்டு, லிவிங்ஸ்டன் என்று இரண்டு இடங்களில் லைகோ கருவிகள் இருக்கின்றன. ‘ட’ எழுத்து மாதிரி செங்குத்தாகப் பிரியும் இரண்டு குழாய்கள், ஒவ்வொன்றும் 4 கிலோமீட்டர். உள்ளே காற்றே கிடையாது. லேசர் ஒளி இரண்டு குழாய்களிலும் போய், 40 கிலோ கண்ணாடிகளில் பட்டுப் பட்டுத் திரும்புகிறது. ஈர்ப்பு அலை கடந்தால் ஒரு கை கொஞ்சம் நீளும், மற்றது குறுகும். 2015 செப்டம்பர் 14இல் முதன்முதலாகப் பிடித்தார்கள். 130 கோடி ஒளியாண்டு தூரத்தில் இரண்டு கருந்துளைகள் மோதிய அலை அது. கை நீளம் மாறியது எவ்வளவு தெரியுமா? அணுவின் நடுவே இருக்கும் புரோட்டானின் குறுக்களவில் சில நூற்றில் ஒரு பங்கு! லஸ் முனையில் மெட்ரோவுக்குத் தோண்டுகிற அதிர்வில் எங்கள் வீட்டு அலமாரியில் டம்ளர்கள் ஆடுகின்றன. இந்த மாதிரிக் கருவியை ஏன் ஊருக்கு வெளியே பொட்டலில் வைக்கிறார்கள் என்று அதைப் பார்த்தாலே விளங்கும்.

சரி, மேல் சுருதிக்கு வருவோம். 2017 ஆகஸ்ட் 17இல் இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதியதை லைகோ கேட்டது. இத்தாலியில் பீசா அருகே இருக்கிற விர்கோவும் அப்போது கூட இருந்தது. அந்த விர்கோ, பிரான்ஸும் இத்தாலியும் சேர்ந்து ஆரம்பித்தது. அந்த மோதல் சுமார் 100 விநாடி காதில் விழுந்தது. இரண்டும் நெருங்கி நெருங்கி வருகிற சத்தம் கேட்டது. ஆனால் மோதி ஒன்றான பிறகு என்ன ஆயிற்று? பெரிய நியூட்ரான் நட்சத்திரமாகக் கொஞ்ச நேரம் துடித்ததா, உடனே கருந்துளையாகிவிட்டதா? அந்தத் துடிப்பின் சுருதி 1,000 ஹெர்ட்ஸிலிருந்து 4,000 ஹெர்ட்ஸ் வரை இருக்கும் என்று கணக்கு. கருவிக்கு அது கேட்கவில்லை. என் காது எந்த இடத்தில் கையை விரிக்க ஆரம்பிக்கிறதோ, ஏறக்குறைய அந்த இடத்தில்தான் அதுவும் கையை விரித்தது.

ஏன் கேட்கவில்லை? ஒளி குழாயில் பல நூறு தடவை போய்வந்து சேர்வதற்குள், வேகமான அலை மேலும் கீழுமாகப் பல தடவை மாறிவிடுகிறது. நீட்டலும் குறுக்கலும் ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. அது ஒன்று. இன்னொன்று, ஒளி குழாய்த் தண்ணீர் மாதிரி ஒழுகுவதில்லை. தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி துளித்துளியாக விழுகிறது. அந்தச் சடசடப்பில் மெல்லிய மேல் சுருதி அமுங்கிவிடுகிறது. லேசரின் பலத்தைக் கூட்டினால் சடசடப்பு குறையும். ஆனால் அதே ஒளி கண்ணாடியைப் பிடித்துத் தள்ளுவதும் கூடும், கீழ் சுருதி கெடும். அதனால் ஒளியையே ‘அமுக்கி’ அனுப்புகிற வித்தையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். பலூனை ஒரு பக்கம் அமுக்கினால் இன்னொரு பக்கம் உப்பும் அல்லவா? அதுபோல, குழப்பத்தை நமக்கு வேண்டாத பக்கம் தள்ளிவிடுவது. ஜெர்மனியில் ஹானோவர் அருகே ஜியோ 600 என்ற சின்னக் கருவியில் பழகிப் பார்த்தார்கள். 2023 மே மாதம் தொடங்கிய ஓட்டத்திலிருந்து, லைகோவில் இதற்கென்றே 300 மீட்டர் குழாய் ஒன்று தனியாக வேலை செய்கிறது. அந்தந்தச் சுருதிக்குத் தகுந்தபடி எந்தப் பக்கம் அமுக்க வேண்டுமோ அந்தப் பக்கம் அமுக்குகிறது.

இப்போது நம் ஊர்க் கதை. மகாராஷ்டிரத்தில் ஹிங்கோலி மாவட்டம், ஔண்டா நாக்நாத் பக்கம் லைகோ இந்தியா வரப்போகிறது. ஜோதிர்லிங்க யாத்திரை போனவர்களுக்கு ஊர் ஞாபகம் இருக்கும். 2016 பிப்ரவரி 11இல் முதல் கண்டுபிடிப்பை உலகுக்கு அறிவித்தார்கள். பிப்ரவரி 17இல் நம் மத்திய அமைச்சரவை கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்தது. ஆறே நாள்! என் சர்வீஸில் ஒரு நாற்காலிக்குக்கூட ஆறு நாளில் ஒப்புதல் வந்ததில்லை. ஆனால் முழு ஒப்புதல், 2,600 கோடி ரூபாய்க்கு, 2023 ஏப்ரலில்தான் வந்தது. இடையில் ஏழு வருடம். நிலம் பார்த்தார்கள், எடுத்தார்கள், ஆட்களைத் தயார் செய்தார்கள், சும்மா இருக்கவில்லை என்பது தெரியும். இருந்தாலும் ஏழு வருடம் ஏழு வருடம்தான். 2030இல் ஓட வேண்டும் என்பது இலக்கு. அப்போது எனக்கு 80ஐத் தாண்டியிருக்கும்.

நாகேஸ்வர ராவ் பார்க்கில் காலையில் நாங்கள் ஐந்தாறு பேர் நடப்போம். அதில் வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர். நான் இதைச் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “ஏன் சார், ஒரு மழை பெய்தால் தி.நகர்ல முழங்கால் தண்ணி. அதுக்கு வழி பண்ணாம, எங்கேயோ 100 கோடி வருஷத்துக்கு முன்னாடி முட்டிக்கிட்டதைக் கேக்க 2,600 கோடியா? கேட்டு என்ன பண்ணப்போறோம்?”

நான் முதலில் சொன்ன பதில் மட்டமானது. 2,600 கோடியை 140 கோடி பேருக்கு வகுத்தால் தலைக்குச் சுமார் 18 ரூபாய் 50 காசு, நீங்கள் இப்போது குடித்த காபியைவிடக் குறைவு என்றேன். சொல்லி முடித்ததும் எனக்கே உறுத்தியது. தலைக்கு வகுத்தால் எந்தச் செலவும் சின்னதாகத்தான் தெரியும். ஃபைலில் நானே அந்த மாதிரி எழுதிப் பல செலவுகளை நியாயப்படுத்தியிருக்கிறேன். அது வாதமில்லை, குமாஸ்தா தந்திரம்.

இரண்டு நாள் கழித்து யோசித்துச் சொன்ன பதில் இது. மழைநீர் வடிகால் இல்லாதது பணம் இல்லாததால் மட்டும் அல்ல. வடிகாலுக்கு வந்த பணத்தை ஒழுங்காகச் செலவழிக்கவும், செய்த வேலையைச் சரியா என்று அளந்து பார்க்கவும் ஆள் வேண்டும். புரோட்டானில் சில நூற்றில் ஒரு பங்கை ஏமாற்றாமல் அளக்கத் தெரிந்த ஆயிரம் இளைஞர்கள் ஒரு நாட்டில் இருந்தால், அந்தப் பழக்கம் லேசர், கண்ணாடி, வெற்றிடம், கணினி என்று நாலு பக்கமும் பரவும். இன்னொன்று, இந்தியா கூடச் சேர்ந்தால் சத்தம் வானத்தில் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று இன்னும் துல்லியமாகச் சொல்ல முடியும். ஒரு காதை மூடிக்கொண்டு யார் கூப்பிட்டார்கள் என்று திரும்பிப் பாருங்கள், தெரியும். ஹான்ஃபோர்டும் லிவிங்ஸ்டனும் ஒரே தேசத்தில் இருப்பவை. உலகத்தின் இந்தப் பக்கம் வெகு தூரத்தில் ஒரு காது இருப்பது பெரிய உபகாரம்.

இதில் நாம் இரவல் ஆட்களும் இல்லை. பெங்களூரு சி.வி. விஸ்வேஸ்வரா, ஒரு கருந்துளையைத் தட்டினால் மணி மாதிரி எப்படி ஒலித்து அடங்கும் என்று 1970இலேயே கணக்குப் போட்டுக் காட்டியவர். முதல் கண்டுபிடிப்பு வந்ததைப் பார்த்துவிட்டு 2017 ஜனவரியில் காலமானார். பாலா ஐயர், பிரான்ஸின் லூக் பிளான்ஷே, திபோ தமூர் ஆகியோருடன் சேர்ந்து, இரண்டு பொருள்கள் நெருங்கும்போது அலை எப்படி இருக்கும் என்று கணக்கிட்டவர். புனேயில் சஞ்சீவ் துரந்தர், சத்தத்தின் குவியலிலிருந்து அலையைப் பிரித்தெடுக்கும் வழிகளில் முன்னோடி. 2016 அறிவிப்புக் கட்டுரையில் நம் சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதவியல் கழகத்தின் பெயரும் இருக்கிறது. கருந்துளைக்கும் நியூட்ரான் நட்சத்திரத்துக்கும் வழி காட்டிய சந்திரசேகரோ பிரசிடென்சி கல்லூரியில் படித்தவர். 1960இல் நீல்ஸ் போர், மயிலாப்பூரில் அல்லாடி ராமகிருஷ்ணன் வீட்டில் நடந்த பௌதிக வகுப்புக்கு வந்து வியந்து போனார். அந்த வீட்டு வகுப்பிலிருந்து பிறந்ததுதான் 1962இல் தொடங்கிய, இப்போது தரமணியில் இருக்கிற கணித அறிவியல் நிலையம். லஸ் பக்கம் இருப்பவர்கள் இதை மறக்கலாமா?

நண்பர் முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை. “கேட்டு ஒண்ணும் கிடைக்கலைன்னா?” என்றார். நல்ல கேள்வி. இந்தக் கட்டுரையின் உயிரே அதில்தான் இருக்கிறது.

ஏனென்றால் இதற்கும் மேலே ஒரு சுருதி இருக்கிறது. ஆயிரக்கணக்கில் இல்லை, பத்து லட்சம், நூறு கோடி ஹெர்ட்ஸ். நமக்குத் தெரிந்த எந்த நட்சத்திரமும் அவ்வளவு வேகமாக அதிர முடியாது. அங்கே ஏதாவது கேட்டால், அது உலகம் பிறந்த காலத்து மிச்சமாகவோ, மிகச் சின்னக் கருந்துளைகளாகவோ இருக்கலாம். அதாவது புத்தம் புதுச் சங்கதி. இதற்கு 4 கிலோமீட்டர் குழாய் வேண்டாம். ஜப்பானில் 75 சென்டிமீட்டர் கை வைத்த கருவியில் தேடினார்கள். அமெரிக்காவில் ஃபெர்மி ஆய்வகத்தில் 40 மீட்டர் கை. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரில் ஒரு பெரிய காசு அளவே உள்ள குவார்ட்ஸ் தகட்டைக் கடுங்குளிரில் வைத்து 153 நாள் காத்திருந்தார்கள். இரண்டு தடவை ஏதோ சொடுக்கியது. 2021இல் அதை வெளியிட்டார்கள். ‘ஈர்ப்பு அலையைக் கண்டோம்’ என்று மார்தட்டவில்லை. வேறு எத்தனையோ காரணம் இருக்கலாம், இன்னும் நல்ல கருவி செய்து பார்க்க வேண்டும் என்று எழுதினார்கள். மற்ற இடங்களில் ஒன்றும் கேட்கவில்லை. ‘இந்த அளவுக்கு மேல் பெரிய அலை இல்லை’ என்று எழுதிவைத்தார்கள்.

அலுவலகத்தில் மாதாமாதம் ‘நில் ரிப்போர்ட்’ அனுப்புவோம், ஞாபகம் இருக்கிறதா? இந்த மாதம் ஒன்றும் இல்லை என்று ஒரு காகிதம். புதிதாகச் சேர்ந்தபோது, ஒன்றும் இல்லாததற்கு எதற்குக் காகிதம் என்று நான் சிரித்திருக்கிறேன். எங்கள் சூப்பிரண்டு சொன்னார்: “தம்பி, ‘பார்த்தேன், இல்லை’ என்பதும் ‘பார்க்கவே இல்லை’ என்பதும் ஒன்றா?” அன்றைக்குத்தான் புரிந்தது. விஞ்ஞானத்துக்கும் அதேதான். ஜோசஃப் வெபர் என்ற அமெரிக்கர் பெரிய அலுமினிய உருளைகளை வைத்து 1,660 ஹெர்ட்ஸில் காத்திருந்து, 1969இல் ஈர்ப்பு அலை கேட்டது என்று அறிவித்தார். மற்றவர்கள் கட்டிப் பார்த்தார்கள், கேட்கவில்லை. அவருடைய உழைப்புதான் மற்றவர்களை இந்தத் துறைக்குள் இழுத்தது, அது உண்மை. ஆனால் சத்தம் வராதபோது பட்டனை அழுத்திவிட்டார்.

அதனால் லைகோக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 2010 செப்டம்பரில், கூட இருக்கும் நூற்றுக்கணக்கான விஞ்ஞானிகளுக்குச் சொல்லாமல், ஒரு பொய் அலையைக் கருவிக்குள் விட்டார்கள். அரை வருடம் எல்லோரும் ராப்பகலாக அலசி, கட்டுரையே எழுதி முடித்தார்கள். பிறகு உறையைப் பிரித்து ‘இது நாங்கள் வைத்தது’ என்றார்கள். யாரும் அடித்துக்கொள்ளவில்லை. நமக்குச் சரியாகக் கேட்கத் தெரிகிறது என்று சந்தோஷப்பட்டார்கள். தி.நகரில் அந்தப் பெண் எனக்குச் செய்த பரிசோதனை இதன் மறுபக்கம். அவர்கள் தேறினார்கள், நான் தேறவில்லை.

பட்டன் விஷயம் வெறும் சிரிப்பு அல்ல. அதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருடம் முன்பு, முத்தியால்பேட்டையில் இருந்த என் அக்கா ஒரு செவ்வாய்க்கிழமை போனில் பேசினாள். அவளுக்குக் குரல் மெலிந்திருந்தது. பாதி எனக்குக் கேட்கவில்லை. ‘என்னக்கா, மறுபடி சொல்லு’ என்று இரண்டு தடவை கேட்டேன். மூன்றாவது தடவை கேட்க வெட்கமாக இருந்தது. “சரிக்கா, சரிக்கா” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். பத்து நாள் கழித்து அவள் போய்விட்டாள். காரியத்துக்குப் போனபோது மருமகள் கேட்டாள்: “சனிக்கிழமை வரச் சொன்னாங்களே மாமா, நீங்க சரின்னீங்களாமே. அன்னைக்குச் சாயந்திரம் வரைக்கும் வாசலையே பாத்துட்டு இருந்தாங்க.”

நான் அன்றைக்குக் கேட்கவில்லை என்று சொல்லியிருந்தால், அவள் சத்தமாகச் சொல்லியிருப்பாள். இல்லாவிட்டால் போனை மருமகளிடம் கொடுத்திருப்பாள். ‘சரி’ என்ற ஒரு பொய் ரிப்போர்ட் அந்தச் சனிக்கிழமையைக் கொண்டுபோய்விட்டது.

ஆகவே என் கருத்து இவ்வளவுதான். ஔண்டாவில் வரப்போகும் கருவியை இனிமேல் தாமதப்படுத்தக் கூடாது. அது வரும்போதே மேல் சுருதிக்கான புதிய வசதிகளோடு வர வேண்டும். பழைய காது ஒன்றைக் கட்டி முடித்துவிட்டு, பிறகு மிஷின் மாட்டலாம் என்று இருக்கக் கூடாது. சுற்றியுள்ள ஊர்க்காரர்களிடம் அவர்கள் மொழியில், அவர்கள் கேட்கிற கேள்விக்கு, தெரிந்ததைத் தெரிந்தது என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் சொல்ல வேண்டும். தேனி நியூட்ரினோ திட்டம் முடங்கிய கதையை நாம் பக்கத்திலிருந்து பார்த்தோம். யார் பக்கம் நியாயம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். கேட்கிற கருவி வைப்பவர்கள் முதலில் ஊர் சொல்வதைக் கேட்க வேண்டும். மெகா ஹெர்ட்ஸ் தேடலில் மேஜை மேல் வைக்கும் கருவிக்கு நம் சென்னைக் கல்லூரிகளும் கொஞ்சம் பணமும் இரண்டு நல்ல பையன்கள், பெண்களும் ஒதுக்கலாம். பத்து வருடம் ‘நில் ரிப்போர்ட்’ வந்தாலும் முகம் சுளிக்காமல் இருக்க மேலே இருப்பவர்கள் பழக வேண்டும்.

காதுக்கு மிஷின் வந்துவிட்டது. இரண்டு மாத ஓய்வூதியம் போயிற்று. முதல் நாள் சமையலறையில் குழாய்த் தண்ணீர் சத்தமே மழை மாதிரி கேட்டது, தலை வலித்தது. இப்போது பழகிவிட்டது. மூக்குக் கண்ணாடி போட வெட்கப்படாத நாம் இதற்கு மட்டும் ஏன் வெட்கப்படுகிறோம் என்று தெரியவில்லை. கட்டுரையைப் படிக்கிற என் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். போய்ப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். போனில் யாராவது பேசி, கேட்கவில்லை என்றால், நாலாவது தடவையானாலும் கேட்கவில்லை என்றே சொல்லுங்கள்.